ரீஃபர்பிஷ்டு மினி பிசி: ஐ5-7500டி, ஐ5-8500டி, ரைசன் 2400ஜிஇ, இவற்றில் வீட்டுக்கு எது?

#1 கூடத்துமேசை

கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். வேலை: பிரவுசர், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, எக்செல், டிவியில் 4கே வீடியோ. கேம் எதுவும் கிடையாது. விண்டோஸ் 11 அவசியம். குறைந்தது ஐந்து வருஷம் ஓட வேண்டும். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்:

அ) டெல் ஆப்டிபிளக்ஸ் 3050 மைக்ரோ, ஐ5-7500டி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி
ஆ) லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, ஐ5-8500டி, 8 ஜிபி, 256 ஜிபி
இ) லெனோவோ எம்715க்யூ, ரைசன் 5 புரோ 2400ஜிஇ, 16 ஜிபி, 256 ஜிபி

விலை மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரேமும் எஸ்எஸ்டியும் கூடுதலாக இருப்பதால் (அ)தான் லாபம் என்று படுகிறது. விண்டோஸ் 11 போட்டே தருவதாக விளம்பரத்தில் இருக்கிறது. எடுக்கலாமா?

#2 சாலிடர்புகை

(அ) வேண்டாம். 7500டி ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ஏழில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு விதிவிலக்கு உண்டு, 7500டி அதில் இல்லை. "போட்டே தருகிறோம்" என்றால் நிறுவலின்போது வரும் சோதனையை ஏமாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு தடவையும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கிக் கையால் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது என்பதால் பின்வாங்கவும் இடமில்லை.

(இ) இதைவிட நைசான பொறி. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் ரைசன் 2600, 2700 எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் 2400ஜிஇயும் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இல்லை. 2600 ஸென் பிளஸ் என்ற அடுத்த கட்ட வடிவமைப்பு. 2400ஜிஇக்கு 2000 வரிசைப் பெயர் வைத்தார்களே தவிர உள்ளே இருப்பது முதல் ஸென். கிராபிக்ஸ் சேர்ந்த ரைசன் வேண்டுமென்றால் 3400ஜிஇக்குக் கீழே போகாதீர்கள். அது எம்75க்யூ-1 மாடலில் வரும்.

மிச்சம் (ஆ). ரேமும் எஸ்எஸ்டியும் நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். 3050 மைக்ரோவில் எட்டாம் தலைமுறை சிப்பை மாட்ட வழியே இல்லை. சாக்கெட்டின் பெயர் இரண்டிலும் 1151 என்றுதான் இருக்கும், போர்டு ஏற்காது.

#3 தறிநூல்

மேலே சொன்னதோடு ஒன்று. 7500டியில் 4 கோர், 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). 8500டியில் 6 கோர், 6 திரெட். வீடியோ வகுப்பு ஓடும்போதே பிரவுசரில் இருபது டேப் திறந்தால் இந்த இரண்டு கோர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

"கோர் ஐ5, 16 ஜிபி, 512" என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். ஐ5 என்பது சிப்பின் பெயரே அல்ல, பின்னால் வரும் எண்தான் பெயர். 8500டி என்றால் எட்டாம் தலைமுறை, 10500டி என்றால் பத்து. கடைசி 'டி' 35 வாட் சிப் என்பதைச் சொல்கிறது. ஐ3-8100டி கிடைத்தாலும் உங்கள் வேலைக்குத் தாராளம். 4 கோர், டர்போ (தேவைப்படும்போது வேகம் கூட்டும் வசதி) கிடையாது, ஆனால் அடிப்படை வேகமே 3.1 கிகாஹெர்ட்ஸ். 'ஐ3'தானே என்று பலர் ஒதுக்குவதால் சில சமயம் நல்ல நிலையில் கிடைக்கும்.

#4 மின்மானி

எல்லோரும் பழசையே சொல்கிறீர்களே. புதிதாக இன்டெல் என்100 பெட்டி வாங்கலாமே? 6 வாட் சிப், விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டு, ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் வரும் வீடியோவை ஹார்டுவேரிலேயே பிரிக்கும். 8500டிக்கு ஏவி1 தெரியவே தெரியாது. 4கே டிவிதான் முக்கியம் என்றால் இது சின்ன விஷயமா?

#5 சாலிடர்புகை

நியாயமான கேள்வி. என்100ல் நான்கும் சின்ன கோர்கள், மெமரி ஒரே சேனல். பிரவுசருக்குப் போதும். ஆனால் மலிவான என்100 பெட்டிகளில் இரண்டு வருஷம் கழித்து பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேடினால் கிடைப்பது அரிது. அடாப்டரும் ஃபேனும் போனால் மாற்று கிடைப்பதும் அப்படித்தான். எம்720க்யூ, ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எலிட்டெஸ்க் மினி மூன்றும் அலுவலகங்களுக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. ஃபேன், மூடி, அடாப்டர், சர்வீஸ் மேனுவல் எல்லாம் தனித்தனியே கிடைக்கும். நான் பழசைச் சொல்வதற்குக் காரணம் வேகம் அல்ல, இதுதான்.

ஏவி1 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இன்டெலில் 11ஆம் தலைமுறையில்தான் அது வந்தது. டெஸ்க்டாப் 10ஆம் தலைமுறையில்கூட இல்லை. ஆனால் 8500டி எச்இவிசி 10 பிட், விபி9 10 பிட் என்ற மற்ற இரண்டு சுருக்க முறைகளையும் ஹார்டுவேரிலேயே பிரிக்கும். யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1ஐக் குறைந்த தரத்துக்கு மட்டும் என்று வைத்தால் 4கே பெரும்பாலும் விபி9 ஆக வந்துவிடும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து புள்ளிவிவரப் பெட்டியைத் திறந்து கோடெக் (சுருக்க முறை) வரியைப் பாருங்கள். விபி09 என்றால் நிம்மதி. ஏவி01 என்று வந்தால் சிப் தன் ஆறு கோரையும் அதற்கே கொடுத்துக்கொண்டிருக்கும், ஃபேன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

#6 மின்மானி

ஒப்புக்கொள்கிறேன், பாதி. 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்றால் இன்னமும் என்100 பக்கம்தான். எட்டாம் தலைமுறை மினி சும்மா இருக்கும்போது சுவரில் 10 வாட் அளவுக்கு இழுக்கும். நிறுத்தாமல் வருஷம் முழுக்க விட்டால் ஏறக்குறைய 88 யூனிட். வகுப்புக்கும் டிவிக்கும் மட்டும் போட்டு அணைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

#7 திரைச்சீலை

டிவி என்று சொல்லிவிட்டு போர்ட்டைப் பற்றி யாருமே பேசவில்லை! எம்720க்யூவின் எச்டிஎம்ஐ 1.4 தரம். 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. படம் வரும், ஆனால் மவுஸ் அம்பை இழுத்தால் விட்டுவிட்டு நகரும், ஸ்க்ரோல் பண்ணும்போது எழுத்து நடுங்கும். "பழைய பெட்டி, மெதுவாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இதுதான் என்பது என் ஊகம்.

தீர்வு: பக்கத்திலேயே டிஸ்ப்ளே போர்ட் 1.2 இருக்கிறது. அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்கள். 'ஆக்டிவ்' என்ற சொல்லும் '4கே 60' என்ற எண்ணும் அட்டையில் இருக்க வேண்டும். பாஸிவ் வகை வாங்கினால் உள்ளே ஓடுவது அதே பழைய சிக்னல், மறுபடியும் 30தான். மாட்டிய பிறகு விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ நுழைவாயிலை மேம்பட்ட முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். பல டிவிகளில் அது அணைத்தே வரும்.

முன்பக்க யூஎஸ்பி-சியை நம்பாதீர்கள். எம்720க்யூவில் அது தகவலுக்கு மட்டும், படம் வராது.

காசு கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங்குக்கு டிவியிலேயே ஆப் இருந்தால் அதிலேயே பாருங்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் 4கே தர ஆயிரம் நிபந்தனை போடுவார்கள்.

#8 கூடத்துமேசை

நல்லவேளை கேட்டேன். (அ), (இ) இரண்டையும் விட்டுவிட்டேன். இன்னொன்று கண்ணில் பட்டது: எச்பி எலிட்டெஸ்க் 800 ஜி4 மினி, ஐ5-8500, 'டி' இல்லை. 16 ஜிபி, 256. "ஏ கிரேடு, 65 வாட் அடாப்டருடன்" என்று இருக்கிறது. எம்720க்யூவைவிட இது மேலா?

#9 பழையபலகை

பெட்டி நல்ல பெட்டிதான். எம்720க்யூவில் எஸ்எஸ்டிக்கு ஒரே ஒரு எம்.2 இடம் (குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்), 800 ஜி4ல் இரண்டு. பின்னால் இரண்டு டிஸ்ப்ளே போர்ட். ஆனால் அந்த விளம்பரத்தில் ஒரு முரண்பாடு இருக்கு, கவனிங்க. 'டி' இல்லாத 8500 என்பது 65 வாட் சிப். சிப் மட்டுமே 65 கேட்டால் 65 வாட் அடாப்டர் எஸ்எஸ்டிக்கும் யூஎஸ்பிக்கும் எதைக் கொடுக்கும்? அந்த மாடலுக்கு எச்பி 90 வாட் அடாப்டர் தந்தது. மேல்மூடியிலும் காற்றுத் துளைகள் போட்ட தனி வகை வரும். படத்தில் மூடி வழவழப்பாக, துளையே இல்லாமல் இருந்தால் 35 வாட் உடம்பில் 65 வாட் சிப்பை மாட்டியிருக்காங்கனு சந்தேகப்படலாம். இல்லையென்றால் விளம்பரம் எழுதினவர் 'டி'யை விட்டுட்டார். ரெண்டில் எது என்று கேட்டு, பயோஸ் திரையின் படம் வாங்குங்க.

'ஏ கிரேடு' என்பது கீறல் கணக்கு மட்டும்தான். உள்ளே இருக்கிற எஸ்எஸ்டியோட ஆயுளையோ ஃபேனையோ பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடாப்டர் பற்றி இன்னும் கொஞ்சம், ஏன்னா ரீஃபர்பிஷ்டில் அதிகமாக மாறிப்போகும் பாகம் இதுதான். லெனோவோ: 20 வோல்ட், செவ்வக முனை, உள்ளே மஞ்சள். அதே முனை உள்ள திங்க்பேட் லேப்டாப் அடாப்டரும் பொருந்தும். எச்பி: 19.5 வோல்ட், 4.5 மிமீ நீல முனை. டெல்: 19.5 வோல்ட், நடுவில் மெல்லிய ஊசி. அந்த ஊசி வழியாகத்தான் பெட்டி "நீ எத்தனை வாட்?" என்று அடாப்டரைக் கேட்கும். பதில் வரலைன்னா, அதாவது பல முனை கொண்ட யுனிவர்சல் அடாப்டரோ ஊசி வளைந்த அசலோ என்றால், பூட் ஆகும்போதே அடாப்டர் வகை தெரியவில்லைனு எச்சரிக்கை வரும். எஃப்1 அழுத்தினால் விண்டோஸும் வரும். ஆனால் சிப்பை அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போட்டுடும். ரேம் மாற்றி, விண்டோஸ் மாற்றி, கடைசியில்தான் அடாப்டரைப் பார்ப்பாங்க.

#10 பூட்டுச்சாவி

நிறுவனங்களிலிருந்து கழித்துக்கட்டிய பெட்டி என்பதால் பூட்டு விஷயம் முக்கியம். மூன்று வகை உண்டு.

முதலில் பயோஸ் பாஸ்வேர்டு. லெனோவோவில் எஃப்1, எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. உள்ளே போய் ஏதாவது ஒன்றை, உதாரணமாக பூட் வரிசையை, மாற்றிச் சேமித்துப் பாருங்கள். பார்க்க விட்டு, மாற்ற விடாமல் தடுக்கும் நிலையும் உண்டு. உள்ளே நுழைந்துவிட்டோம் என்பதோடு திருப்திப்படக் கூடாது. ஆப்டிபிளக்ஸில் போர்டிலேயே பாஸ்வேர்டு ஜம்பர் இருக்கும். மற்ற இரண்டிலும் அவ்வளவு சுலபமல்ல, திருப்பி அனுப்புவதே புத்திசாலித்தனம். பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்பது பழைய காலத்துக் கதை.

அடுத்தது அதே பயோஸுக்குள் ஆப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற திருட்டுத் தடுப்பு வசதியின் வரி. 'ஆக்டிவேட்டட்' என்றிருந்தால் பழைய உரிமையாளர் இன்னும் விடுவிக்கவில்லை. நீங்கள் எஸ்எஸ்டியை மாற்றினாலும் அது திரும்ப வரும்.

மூன்றாவதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்: விண்டோஸ் ஆட்டோபைலட். போர்டின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். விற்பவர் இணையம் இல்லாமல் விண்டோஸ் போட்டு, ஒரு லோக்கல் கணக்கைத் திறந்து கொடுத்தால் எதுவும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும்போதுதான் "இந்த நிறுவனத்துக்கு நல்வரவு" என்று வந்து அலுவலக லாகின் கேட்கும். எனவே பெட்டி வந்த அன்றே நெட்வொர்க் கேபிளைச் செருகிக்கொண்டு, எல்லாவற்றையும் அழிக்கும் முழு ரீசெட் செய்யுங்கள். புரோ பதிப்பில்தான் இந்தச் சோதனை பலிக்கும், ஹோம் பதிப்பு இதைக் கேட்காமலே கடந்துவிடும்.

800 ஜி4, எம்920க்யூ, ஆப்டிபிளக்ஸ் 7060 மாதிரி விபுரோ (இன்டெலின் அலுவலக நிர்வாக வசதி) உள்ள மாடலாக இருந்தால் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் இன்டெல் ஏஎம்டி (AMT, ரைசன் செய்யும் AMD அல்ல) வசதியும் கவனிக்கப்பட வேண்டியது. பயோஸில் அன்ப்ரொவிஷன் செய்து (பழைய அமைப்பை நீக்கி) அணைத்துவிடுங்கள், வீட்டில் அதற்கு வேலை இல்லை.

லைசென்ஸ்: அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கம். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்றால் சரி. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்ற தொனியில் வரி இருந்தால் அது 180 நாள் வாழ்க்கை, அதற்குப் பிறகு திரையின் மூலையில் வாட்டர்மார்க்.

#11 கூடத்துமேசை

விற்பவரிடம் கேட்டேன். எழுதியதுதான் தவறாம், சிப் 8500டிதான், பயோஸ் படமும் அனுப்பினார். ஆனால் 16 ஜிபி ஒரே குச்சி என்கிறார். பரவாயில்லையா? பெட்டி வந்தவுடன் என்னென்ன ஓட்டிப் பார்க்க வேண்டும்?

#12 தறிநூல்

ஓடும். ஆனால் உள்கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமையே பயன்படுத்துவதால் ஒற்றைக் குச்சியில் அதன் பாதை பாதியாகிறது. 4கே டிவியில் அது தெரியும். 8 + 8 ஆகத் தரச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் பிறகு இன்னொரு 16 வாங்கிப் போடுங்கள். டிடிஆர்4 சோடிம் (லேப்டாப் அளவுக் குட்டைக் குச்சி), வேகம் 2666. 3200 குச்சி வாங்கினாலும் 2666லேயே ஓடும், நஷ்டமில்லை. முழுநீள டெஸ்க்டாப் ரேம் உள்ளே நுழையாது.

#13 வட்டுக்காரர்

எஸ்எஸ்டியிலிருந்து தொடங்குங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு மூன்று எண்: ஓடிய மணி நேரம், மொத்தம் எழுதப்பட்டது, தேய்மான சதவீதம். 256 ஜிபி டிரைவ் பலவற்றுக்கு உத்தரவாத எழுத்தளவே 100 முதல் 150 டிபி சுற்றித்தான். 20 டிபி எழுதிய சாம்சங் டிரைவ் என்றால் உங்கள் வீட்டு வேலைக்கு இன்னும் நெடுங்காலம் வரும்.

மணி நேரம் வெறும் 5 என்று காட்டினால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அசல் டிரைவைக் கழற்றிக்கொண்டு பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டியைப் போட்டிருக்கலாம். 40 ஜிபி கோப்பு ஒன்றை அதே டிரைவுக்குள் நகல் எடுங்கள். முதல் சில ஜிபி பறந்துவிட்டு, பிறகு நொடிக்கு 40, 50 எம்பி என்று தவழ்ந்தால் அது மலிவு சரக்கு. இரண்டில் ஒன்று என்றால் 10 சதவீதம் தேய்ந்த பழைய சாம்சங்கையோ ஹைனிக்ஸையோதான் நான் எடுப்பேன்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ், ஒரு இரவு. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம்.

#14 பழையபலகை

சூட்டுச் சோதனையில் எல்லாரும் ஒரு இடத்தில் தடுமாறுவாங்க, அதனால் விவரமாகவே சொல்றேன். ஒரு பக்கம் சூடும் வேகமும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ, இன்னொரு பக்கம் சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23, பத்து நிமிஷம். தொடங்கினதும் வேகம் மேலே ஏறி, அரை நிமிஷத்துக்குள் சட்டுனு இறங்கும். பயப்படாதீங்க, பழுது இல்லை. 35 வாட் சிப்புக்குக் கொஞ்ச நேரம் மட்டும் கூடுதல் மின்சாரம் எடுத்துக்க அனுமதி உண்டு, அது பொதுவா 28 நொடி. பிறகு 35 வாட்டுக்குத் திரும்பிடும். அப்போது வேகம் 2.1க்கும் 3.5 கிகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் எங்காவது நிலையா நின்றால் பெட்டி நலம்.

பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் மின்சாரம்) 35 வாட்டைத் தொடவே இல்லை, சூடு மட்டும் 80 டிகிரிக்கு மேல், வேகமும் 2.1க்குக் கீழே போகுதுன்னா தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோச்சு, இல்லைன்னா ஹீட்சிங்க் இடுக்கில் தூசி மெத்தை கட்டியிருக்கு. சூடும் இல்லை, சிப் 0.8 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்குன்னா மேலே சொன்ன அடாப்டர் கதை.

பேஸ்ட் மாற்றுவது சுலபம். பெட்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியை எடுத்துட்டுத் திறங்க. குளிர்ந்த நிலையில் ஹீட்சிங்கைப் பிடுங்கினால் காய்ந்த பேஸ்ட் சிப்பையும் இழுத்துப் பார்க்கும். திருகுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்க. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைச்சு, நடுவில் ஒரு பட்டாணி அளவு. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கணும், காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போகும்.

#15 அலைவரிசை

வைஃபை இருக்கிறதா என்று கேட்டீர்களா? அலுவலகத்தில் கேபிள் என்பதால் பல பெட்டிகளில் கார்டே இருக்காது. கார்டு வாங்கும்போது ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 என்று கேளுங்கள். ஒரே ஓர் எண் தள்ளி ஏஎக்ஸ்201 என்று ஒன்று உண்டு, கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளை. அது சிப்செட்டைச் சார்ந்து ஓடும் வேறு வகை, எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கு அதை நம்பி வாங்காதீர்கள்.

ஆன்டெனாவும் இரண்டு வேண்டும், முனை எம்எச்எஃப்4. பழைய பெரிய முனை உள்ள ஆன்டெனா இந்தக் கார்டில் உட்காரவே உட்காராது. முனையை நேர் மேலே வைத்து, நகத்தால் ஒரு அழுத்து, 'டிக்' என்று விழ வேண்டும். சாய்த்து அழுத்தினால் கார்டில் உள்ள வளையம் நசுங்கிவிடும், பிறகு கார்டுதான் மாற்ற வேண்டும். ஆன்டெனா இல்லாமல் கார்டு மட்டும் போட்டால் ரௌட்டர் பக்கத்தில் இருக்கும்வரை வேலை செய்கிற மாதிரிதான் தெரியும்.

#16 கூடத்துமேசை

கேட்டேன். வைஃபை கார்டு இல்லை, ஆன்டெனாவும் இல்லை. 8 + 8 ஆக மாற்றித் தருகிறார். அடாப்டர் 65 வாட், எச்பி அசல். 800 ஜி4ஐயே எடுக்கிறேன். டிவிக்கு டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஆக்டிவ் அடாப்டர், உள்ளே ஏஎக்ஸ்210. டிவியின் முதுகில் மாட்டலாமா?

#17 பழையபலகை

35 வாட் சிப்புக்கு அந்த அடாப்டர் சரிதான். டிவி முதுகில் மாட்டலாம், வேசா 100 (100 மிமீ இடைவெளித் திருகுத் துளை) பிராக்கெட் கிடைக்கும். சூட்டுக் காற்று வெளியே போகிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது. வைஃபை அங்கே வீக் ஆகும், டிவியோட உலோகத் தகடு மறைக்கும், முடிஞ்சால் கேபிள் இழுங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே போர்டில் இருக்கிற சிஆர்2032 பொத்தான் பேட்டரியையும் புதுசாப் போட்டுடுங்க. இந்தப் பெட்டிகளுக்கு வயசு ஆறேழு வருஷம். கடிகாரம் பின்னோக்கி ஓடி, பயோஸ் அமைப்பு மறந்துபோன பிறகு, டிவியைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலை.